தங்கையனின் பாய்

நீடாமங்கலத்தில் பள்ளி ஆசிரியர் குழந்தைராஜும் விவசாயச் சங்கத்துத் தங்கையனும் ஒரே அறையில் குடியிருந்தார்கள். தங்கையன் வயலிலிருந்து வந்ததும் சேற்றுக்காலோடு பாயில் சாய்ந்துவிடுவார். எத்தனை சண்டை போட்டும் மாறவில்லை. அந்தச் சேற்றின் அழுகல் வாடையைக் குழந்தைராஜால் சகிக்க முடியவில்லை.

அறுவடைக் கூலிப் போராட்டத்தில் தங்கையனைத் திருச்சி ஜெயிலில் அடைத்தார்கள். அதன் பிறகும், குழந்தைராஜ் தாழ்ப்பாள் போட்டுத் தூங்கி எழும்போதெல்லாம், தங்கையனின் பாயில் புதுச் சேறு அப்பியிருந்தது. ஒருநாள் அதில் அட்டை நெளிந்தது.

அருவருப்புத் தாங்காமல் ஜெயிலுக்கே போய்ச் சொன்னார். தங்கையன் ஆச்சரியப்படவில்லை.

"தப்புதான் சார். இனிமே கால் கழுவிட்டே படுக்குறேன்," என்றார்.

மறுநாள் பாய் சுத்தமாக இருந்தது. குழந்தைராஜ் நிம்மதியாகக் குடத்துத் தண்ணீரை மொண்டு குடித்தார். பல்லில் மண் நறநறத்தது. குடத்துக்குள் எட்டிப் பார்த்தார். கலங்கிய சேறு இன்னும் சுழன்றுகொண்டிருந்தது.