படத்தில் இருந்த தையல் மெஷின்

எங்கே மேடையில் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று சொர்ணலட்சுமிக்குக் கூட்டத்துக்கு முதல் நாள் காலையிலிருந்தே பயம்.

விருதுநகர் மகளிர் சேவைச் சங்கத்துக்கு இந்த வருஷம் அவள்தான் தலைவி. ஆசைப்பட்டு வந்த பதவி இல்லை. ஆளுக்கொரு வருஷம் என்று முறை வைத்திருந்தார்கள், அவள் முறை வந்துவிட்டது. நாளைக்குச் சங்கத்தின் மாவட்டத் தலைவி வருகிறார். என்னென்ன சேவை செய்தோம் என்று மைக்கில் சொல்ல வேண்டும்.

"எங்க, இன்னொரு தடவை சொல்லுங்க பார்ப்போம்" என்றாள் செயலாளர் யோகேஸ்வரி.

"தாயில்பட்டி மாரிச்செல்விக்குத் தை மாசம் தையல் மெஷின் குடுத்தோம். அவ இப்ப பள்ளிக்கூட யூனிபார்ம் தைக்கா..."

"யூனிபார்ம் இல்லக்கா, ஜாக்கெட்டு. யூனிபார்ம் போன வருஷத் தலைவி சொன்னது."

"சரி, ஜாக்கெட்டு. தெருப் பிள்ளைகளுக்கும் தையல் சொல்லிக் குடுக்கா. பட்டாசுக் கம்பெனிக்குப் போறதையே விட்டுட்டா. அம்புட்டுத்தானே?"

"அம்புட்டுத்தான். இதுக்கா இப்படி வேர்க்குது உங்களுக்கு?"

வேர்க்காமல் என்ன செய்யும்? மெஷினைக் கொடுக்கவே இல்லையே.

தை மாத விழாவில் மேடையேற்றிப் படம் எடுத்தது நிஜம். கடைக்காரர் படத்துக்காக இரவல் கொடுத்த மெஷின் அது. படம் எடுத்து முடிந்ததும் வந்த ஆட்டோவிலேயே திரும்பிப் போய்விட்டது. மெஷினுக்கென்று வைத்திருந்த பணம் விழாப் பந்தியில் கரைந்திருந்தது. அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம் என்று மாரிச்செல்வியை வெறுங்கையோடு பஸ் ஏற்றிவிட்டார்கள். பங்குனி பிறந்தும் வாங்கவில்லை.

"அந்தப் பிள்ளை வேலை பார்க்கிற ரூமுக்கு அடுத்த ரூம் வெடிச்சிருச்சாம்ல. அதுலருந்து கம்பெனி வாசலை மிதிக்கவே உசுரு நடுங்குதுன்னு அன்னைக்கே சொல்லுச்சு" என்றாள் சொர்ணலட்சுமி.

"பாவந்தான். அடுத்த விழாவுல பார்ப்போம். நீங்க மனப்பாடம் பண்ணுங்க."

யோகேஸ்வரி போனதும் சொர்ணலட்சுமி சொல்லிப் பார்த்தாள். மறுபடியும் யூனிபார்ம்தான் வந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு கடைத்தெருப் பக்கம் கிளம்பினாள்.

"இந்த வெயில்ல எங்க?" என்று கேட்டார் வீட்டுக்காரர்.

"நாலு எட்டு நடந்தாப் பயம் குறையும்" என்றாள்.

மறுநாள் மண்டபம் நிறைந்திருந்தது. சொர்ணலட்சுமி மைக்கைப் பிடித்தாள்.

"தாயில்பட்டி மாரிச்செல்விக்குத் தையல் மெஷின் குடுத்திருக்கோம். வணக்கம்."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். யோகேஸ்வரி பாய்ந்து மைக்கை வாங்கினாள். ஜாக்கெட், தெருப் பிள்ளைகள், கம்பெனியை விட்டது என எல்லாவற்றையும் பிசகில்லாமல் சொல்லி முடித்தாள். பலத்த கைதட்டல்.

"ரொம்ப சந்தோஷம். வாங்க, அந்தப் பொண்ணைப் போய்ப் பார்த்துட்டு வருவோம்" என்று எழுந்தார் மாவட்டத் தலைவி.

யோகேஸ்வரி அவசரமாகக் குறுக்கே வந்தாள். "தாயில்பட்டி தூரம்மா. ரோடும் சரியில்ல. உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

"நான் சிவகாசிக்காரி. எனக்கா தாயில்பட்டி தூரம்? வண்டியை எடுக்கச் சொல்லுங்க."

சொர்ணலட்சுமியும் கூடவே ஏறிக்கொண்டாள். வழியெல்லாம் யோகேஸ்வரி மாரிச்செல்விக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை.

வீட்டு வாசலில் கார்களைப் பார்த்ததும் மாரிச்செல்வி ஓடி வந்தாள். "வாங்கம்மா, உள்ள வாங்க" என்று கூட்டிப் போனாள். ஜன்னலோரம் புத்தம்புதுத் தையல் மெஷின். சக்கரத்தில் சுற்றிய தாளைக்கூட இன்னும் பிரிக்கவில்லை.

யோகேஸ்வரி கிட்டே போய் அதைத் தொட்டுப் பார்த்தாள்.

"மெஷின் எப்பம்மா வந்துச்சு?" என்று கேட்டார் மாவட்டத் தலைவி.

"படம் எடுத்தது தை மாசம்மா. மெஷினு இன்னைக்குக் காலையிலதான் வந்து எறங்குச்சு."

"அப்ப இத்தனை நாளும்?"

"கம்பெனிக்குத்தான் போனேன். சாமியைக் கும்பிட்டுக்கிட்டே உள்ள போவேன். இதைப் பார்த்த பெறகு நேரா போர்மேன்ட்ட போயி, நாளையிலருந்து வரலைன்னு சொல்லிட்டு வந்துட்டேன். ஜாக்கெட்டு நல்லாத் தைப்பேம்மா."

மாவட்டத் தலைவி யோகேஸ்வரியைப் பார்த்தார். யோகேஸ்வரி தரையைப் பார்த்தாள்.

"பரவாயில்ல" என்றார் மாவட்டத் தலைவி. "நான் போற முக்காவாசி ஊர்ல படம் மட்டுந்தான் வருது. இங்கன மெஷினும் வந்திருக்கு."

அவர் கார் சிவகாசிப் பக்கம் திரும்பியதும் யோகேஸ்வரி சொர்ணலட்சுமியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க வேலைதானக்கா? சொந்தப் பணமா? உங்களுக்கு எம்புட்டுப் பெரிய மனசு. நான் உங்களை என்னமோன்னு நினைச்சுட்டேன்."

"அட, நீ வேற. மனசாவது ஒண்ணாவது" என்றாள் சொர்ணலட்சுமி. "நீ சொல்லிக் குடுத்தது எனக்கு வாயில நிக்கல. மேடையில உளறி மானம் போயிரும்னு பயந்துதான் நேத்தே போயி மெஷினை வாங்கி அனுப்பிவிட்டேன். குடுத்ததைக் குடுத்தோம்னு சொல்றதுக்கு மனப்பாடம் வேண்டாம் பாரு."