கதவுள்ள அலுவலகம்

தூரத்துத் தீவொன்றின் வங்கி, பிலோமியின் கருவாட்டு வியாபாரத்துக்குக் கணக்கு திறக்க ஒரே நிபந்தனை விதித்தது: கதவுள்ள அலுவலகத்தை வீடியோ காலில் காட்ட வேண்டும். கணக்கு இல்லையென்றால் முதல் வெளிநாட்டு ஆர்டர் கைநழுவிவிடும். அவளிடம் இருந்தது கடற்கரையும் காய்கிற நெத்திலியும்தான். ஆகவே கணவர் செலஸ்டின் குளியலறைக் கதவை நிலையோடு பெயர்த்து வந்து மணலில் நட்டு, பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார்.

"இனி எங்க குளிக்கிறதாம்?"

"கடல் எதுக்கு இருக்கு? ஒழுங்காப் பிடிங்க, ஆபீசு ஆடுது."

போனில் தமிழ் பேசுகிற அதிகாரி வந்தார். "கதவைத் திறங்க மேடம்."

பிலோமி முறைப்படி இரண்டு தட்டு தட்டிவிட்டுத் திறந்தாள். உள்ளே வலைமேல் வெள்ளியாய் நெத்திலி, ஒரு காகம், அதற்கப்பால் கடல். நிலையோரத்தில் செலஸ்டினின் விரல்கள்.

"சுவர் எங்க?"

"காத்தோட்டமா இருக்கட்டும்னு விட்டுட்டோம் சார்."

அதிகாரி திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுவந்து கடலைப் பார்த்தார். பிறகு அவர் குரலைத் தாழ்த்தி, "உள்ள வரலாமா?" என்றார்.

"வாங்க சார், வாங்க. செருப்பைக் கழட்டாதீங்க, மணல் சுடும்."

போனை இரு கையாலும் ஏந்திக்கொண்டு, பிலோமி வலது காலை எடுத்து உள்ளே வைத்தாள்.