காயத்துக்கு ஒரு புது விதி

"கால் உடைஞ்சு கிடக்கறவனைப் போய் காத்திருன்னு சொல்றியே, நீ மனுஷனாடா?"

ஓக்னியான் மேசையைத் தட்டிய வேகத்தில் பகடைகள் துள்ளிக் கீழே விழுந்தன.

உடைந்தது அவருடைய கால் அல்ல. ஆட்டத்தில் அவர் ஏற்றிருக்கும் போர்வீரன் ராத்கோவின் கால். சனிக்கிழமை மதியம் என்றால் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இந்தக் கற்பனை ஆட்டம்தான். கதை சொல்லி, விதி வகுத்து, அரக்கர்களை ஏவிவிடுவது கலினின் வேலை. பக்கத்து வீட்டு மிலேனா, மந்திரத்தால் காயம் ஆற்றும் பூசாரிப் பெண்.

"அண்ணே, இன்னிலேர்ந்து நம்ம மேசைக்குப் புது விதி," என்றான் கலின். "மந்திரம் போட்டதும் எழுந்து ஓடறதெல்லாம் இனிமே கிடையாது. கோயில்ல பேரைப் பதியணும். முறை வந்தா வைத்தியம்."

"எப்ப வரும்?"

"திராட்சை அறுவடை முடிஞ்சு."

"அதுவரைக்கும்?"

"வலிக்கும்."

மிலேனா சிரித்துவிட்டாள். "ஏன்டா, இத்தனை நாளும் நான் கையை வெச்சா எலும்பு கூடிச்சு. என்கிட்ட மந்திரம் மிச்சமிருக்கு. அதை என்ன, ஊறுகாய் போடவா?"

"கோயில் அனுமதி இல்லாம நீங்க கையை வைக்கக் கூடாது, அக்கா."

ஓக்னியான் கடித்த பனித்சா பலகாரத்தைத் தட்டிலேயே போட்டார். "பூசாரி இருக்கா, மந்திரம் இருக்கு, கட்டில் இருக்கு. அப்புறம் எதுக்குடா காத்திருக்கணும்?"

"வரிசைன்னு ஒண்ணு இருக்கே."

"வரிசையாவது மண்ணாவது! ராத்கோ கோயில் வாசல்ல போய் உட்கார்றான். உள்ளே விடற வரைக்கும் கத்தறான்." குனிந்து பகடையை எடுத்து உருட்டினார்.

கலின் எண்ணைப் பார்த்தான். "நல்லா கத்தினான். ஒருத்தன் ஜன்னலைத் திறந்து, 'எல்லாருக்கும்தான் வலிக்குது'ன்னு சொல்லிட்டு மூடிட்டான்."

ஓக்னியானின் கழுத்து சிவந்தது. வெறும் ஆட்டம்தான். ஆனாலும் ராத்கோவை அவர் பிள்ளை மாதிரி வளர்த்திருந்தார். எல்லைக் கோட்டையை அரக்கர்கள் சூழ்ந்துகொண்டிருந்தார்கள். நொண்டிக்கொண்டே போனால் ராத்கோ செத்தான். போகாவிட்டால் கோட்டை போயிற்று.

"கல்நெஞ்சுக்காரங்க!" அவர் குரல் உண்மையிலேயே உடைந்தது. "அந்தக் கோயிலை நடத்தறவன் எவன்? அவன் வீட்டுல ஒருத்தர் இப்படிக் கிடந்தா காக்க வைப்பானா?"

கலின் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தான். "அதைத்தான் அண்ணே நானும் யோசிச்சேன்."

"யோசிச்சுமா இப்படி ஒரு விதி போட்டே? பாவிப்பயலே!"

"ஓட்டுக்கு விடுங்கப்பா," என்றாள் மிலேனா.

அவள் கை தூக்கினாள். ஓக்னியான் இரண்டு கையையும் தூக்கினார். ஆச்சரியம், விதியைக் கொண்டுவந்த கலினும் தூக்கினான். விதி ரத்து. மிலேனா மந்திரம் சொல்ல, ராத்கோ வாளை ஊன்றி எழுந்து நின்றான்.

ஓக்னியானுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. தான் வடித்த ராக்கியா சாராயத்தை எடுத்துவந்து மூன்று கோப்பைகளிலும் ஊற்றினார். "வலியில துடிக்கறவன் முன்னாடி விதி பேசறது பாவம்டா. இனிமே எந்த ஆட்டத்துலயும் இப்படிப் பண்ணாதே."

கலின் கோப்பையைத் தொடவில்லை.

"அப்போ... டாக்டர்," என்றான். அந்த மேசையில் அவன் அவரை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "எங்கம்மா எழுந்து நடக்க முடியாம கிடக்கறாங்க. அவங்க இடுப்பு ஆபரேஷனுக்கு உங்க ஆஸ்பத்திரியில அடுத்த வருஷம்தான்னு சொல்லிட்டாங்க..."

ஊர் ஆஸ்பத்திரியின் தலைமை மருத்துவர் ஓக்னியான், பரிவோடு அவன் தோளில் கை வைத்தார்.

"விளையாட்டு வேற, தம்பி. ஆஸ்பத்திரியில போய் இஷ்டத்துக்கு விதியை மாத்த முடியுமா?"