வாட்ச்மேன் வீட்டுச் சாப்பாடு

இப்போதெல்லாம் உலை வைக்கக்கூடச் செல்போனைக் கேட்கிறார்கள். "மத்தியதரைக் கடல் பக்கத்துச் சமையல், மாமா. இருபதே நிமிஷம். இதயத்துக்கு நல்லது," என்று மருமகள் தினமும் ராத்திரிச் சாப்பாட்டை டப்பாவில் போட்டு நீட்டுவாள். இருபது நிமிஷத்தில் வெந்ததை நம்பி வாயில் வைக்க நான் என்ன ஏமாளியா?

காற்றாடச் சாப்பிடுகிறேன் என்று கீழே இறங்குவேன். மூடியைக்கூடத் திறக்காமல் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு, அவனுடைய தூக்குச்சட்டியை வாங்கிக்கொள்வேன். தக்காளியில் வெந்த மீன், கொண்டைக்கடலை, மேலே எலுமிச்சை. விரலைச் சூப்புவேன்.

"உன் வீட்டுக்காரிக்கு நல்ல கைமணம்ப்பா!" என்பேன். அவன் சிரிப்பான்.

மருமகள் அம்மா வீட்டுக்குப் போன அன்று ஆசையாகக் கீழே போனேன். அவன் வெறும் ரொட்டியை மென்றுகொண்டிருந்தான்.

"ஏம்ப்பா, வீட்டுக்காரிக்கு உடம்பு முடியலையா?"

"எனக்கு ஏதுங்க வீட்டுக்காரி? உங்க மருமகதான் ஒரே அடுப்புல ஆக்கி, எனக்கும் தினம் கொடுத்துட்டுப் போவாங்க."

"அப்போ இத்தனை நாளா நாம மாத்திக்கிட்டது?"

"ரெண்டும் ஒண்ணுதாங்க. பெரியவர் ஆசைப்படுறீங்களேன்னு விட்டுட்டேன்."

ஒரு படி ஏறி, நின்று, திரும்பினேன்.

"இருந்தாலும், உன் தூக்குச்சட்டியில இருந்ததுதான்ப்பா ருசி," என்று சொல்லிவிட்டு மேலே போனேன்.