ஏச்சுமுள்

"வேளாவேளைக்குத் தண்ணி குடிக்கத் தெரியுது, பூக்க மட்டும் தெரியலையா? தண்டச்சோறு!"

எதிர்வீட்டுத் தையல்காரி இடுப்பில் கைவைத்துக் கத்தினாள். திட்டு வாங்கியது வாசலில் நின்ற ஏச்சுமுள் செடி. அதன் நீல முட்கள் சட்டென்று அவள் பக்கம் திரும்பின. ஒரு முள்ளின் நுனியில் மெல்ல மொட்டு கட்டியது.

"பாவம்க்கா, போதுமே" என்றாள் வீட்டுக்காரி.

"பாவமாவது ஒண்ணாவது! இது வசவு கேட்டாத்தான் பூக்கும். தெருவே பூத்துக் குலுங்குது, உன் வாசல் மட்டும் மொட்டையா நிக்குது. பாக்கச் சகிக்கலை. எங்க, நீ ஒண்ணு எடுத்து விடு பாப்போம்."

வீட்டுக்காரி தொண்டையைச் செருமினாள். "ஏய் செடி! உனக்குக் கொஞ்சம்கூட..." அதற்குள் சிரிப்பு வந்துவிட்டது.

"விளங்கிடும்! உன் புருஷனைக் கூப்பிடு."

பூட்டு ரிப்பேர் செய்யும் புருஷன் எண்ணெய்க் கையோடு வந்தார். "ஏம்ப்பா, உனக்கு நாங்க என்ன குறை வச்சோம்?" என்று செடியிடம் நியாயம் கேட்டார். இருந்த ஒரு மொட்டும் சுருங்கிப்போனது.

தையல்காரி தலையில் அடித்துக்கொண்டாள். "ரெண்டு பேருமா சேந்து செல்லம் கொடுத்தே கெடுத்து வச்சிருக்கீங்க. தள்ளுங்க! குழந்தைகள் இல்லத்து அம்மா மத்தியானம் வர்றாங்க. வீடு பிடிச்சாத்தானே குழந்தையைக் கையில கொடுப்பாங்க? வாசல் லட்சணமா இருக்க வேணாமா? நான் இருக்கேன், கவலையை விடு."

உள்ளே தொட்டில் கட்டித் தயாராக இருந்தது. வீட்டுக்காரி காலையிலிருந்து அதைத்தான் ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தையல்காரிக்கா சொல்லித்தர வேண்டும்? தன் மாமியாரை நினைத்துக் கொஞ்சம், புருஷனை நினைத்து நிறைய, மூச்சு வாங்கத் திட்டித் தீர்த்தாள். மத்தியானத்துக்குள் செடி முழுக்கச் செம்பு நிறப் பூ. இலையே தெரியவில்லை.

"குழந்தை உனக்குத்தான்டி, எழுதி வச்சுக்கோ!" என்று பெருமையாக வீட்டுக்குப் போனாள்.

இல்லத்து அம்மா தோளில் தூங்கும் குழந்தையோடு வந்தார். படியில் கால் வைக்கப்போனவர் பூக்களைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"வாங்கம்மா, வாங்க! எப்படிப் பூத்திருக்கு பாத்தீங்களா?" என்று ஓடிவந்தாள் வீட்டுக்காரி.

அவர் குழந்தையை இறுக்கி அணைத்துக்கொண்டு ஓரடி பின்வாங்கினார்.

"போன மாசம் இந்தத் தெருவுல பூவே இல்லாத வாசல் இது ஒண்ணுதாம்மா. அதைப் பாத்துத்தான் உங்க வீட்டைத் தேர்ந்தெடுத்தேன்."