நாளைக்குப் பட்டம்

"என்னம்மா இது, துக்க வீட்டுக்குப் போற மாதிரி பின்னாடியே வர்ற? நாளைக்குப் பட்டம் வாங்கப் போறவ மூஞ்சியா இது?"

ஒரோன்ஸோ திரும்பி நின்று மகளைப் பார்த்துச் சிரித்தார். நொயெமியும் சிரிக்க முயன்றாள். வரவில்லை.

எப்படி வரும்? நாளைக்குப் பட்டமும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. பரீட்சையே இன்னும் முடியவில்லை. வீட்டில் ஒரு தேதியைச் சொல்லி, அதற்குள் எழுதி முடித்துவிடலாம் என்று தள்ளித் தள்ளி, இதோ அந்தத் தேதியும் வந்துவிட்டது. தெற்கே சொந்த ஊரில் அம்மா ஒரு பஸ்ஸையே பிடித்துவிட்டாள். அத்தைகள், மாமாக்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், மகள் தலையில் சூட்ட லாரல் இலைக் கிரீடம், எல்லோருக்கும் கொடுக்கச் சிவப்புச் சர்க்கரை பூசிய பாதாம். பஸ் இன்று சாயங்காலம் கிளம்புகிறது. அதற்குள் அப்பாவிடம் சொல்லியாக வேண்டும்.

அப்பாவோ ஒரு நாள் முன்னதாகவே ரயிலேறி வந்து இறங்கிவிட்டார்.

"நீ ஊருக்கு வந்துட்டா இங்க வர எனக்கு ஏது சாக்கு? இதுதான் கடைசி நாள். கால் வலிக்கிற வரைக்கும் நடக்கலாம் வா."

அவரும் ஒரு காலத்தில் இதே பொலோன்யா நகரத்தில் படித்தவர். இப்போது நடத்துவது ஆலிவ் எண்ணெய் ஆலைதான் என்றாலும், ஊரில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பட்டம் வாங்கியவர்களைக் கூப்பிடுகிற மாதிரி 'தொத்தோரே' என்றுதான் கூப்பிடுவார்கள். பாதிரியார்கூட அப்படித்தான். அப்பேர்ப்பட்ட மனிதரிடம் போய் இதை எந்த வாயால் சொல்வது?

தூண்கள் வரிசைகட்டிய நடைபாதையில் அவர் ஒவ்வொரு தூணுக்கும் நின்றார்.

"இந்தத் தூண்கிட்டதான் ஒரு பொண்ணு என்னை அறைஞ்சா."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"அறைஞ்சது தெரியும். ஏன்னு தெரியாது." இன்னும் நாலடி தள்ளி ஒரு கடையைக் காட்டினார். "தினமும் மத்தியானம் இங்கதான். ஒரு கோப்பை ஒயின், ரெண்டு துண்டு மோர்தடெல்லா கறி."

"மத்தியானம் கிளாஸ் இருக்குமேப்பா?"

"இருந்துச்சு. அது அந்தப் பக்கம் இருந்துச்சு."

நொயெமி மூச்சை இழுத்துக்கொண்டாள். "அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"காதலா? யாரா இருந்தாலும் சரி, மிலானோக்காரன் மட்டும் வேண்டாம். அவங்களுக்குச் சாப்பிடத் தெரியாது."

"அதெல்லாம் இல்லப்பா."

"அப்ப சாப்பிட்டுட்டுச் சொல்லு."

குட்டிக் கொழுக்கட்டை மாதிரி சூப்பில் மிதக்கும் தொர்தெல்லினி வந்தது. அவள் அதைக் கரண்டியால் கிளறிக்கொண்டே இருந்தாள். மகளுடையதையும் சேர்த்து அவரே காலி செய்துவிட்டு, மறுபடி நடக்கக் கிளம்பினார்.

பெரிய சதுக்கத்தை ஒட்டி ஒரு பழைய மாளிகை. அதன் வளைவுக்கு அடியில் ஒரு மூலையில் சுவரைப் பார்த்துக் கிசுகிசுத்தால், எதிர்மூலைச் சுவரில் காது வைத்திருப்பவருக்குத் தெளிவாகக் கேட்கும். மூலை காலியானதும் ஒரோன்ஸோ சின்னப் பையன்போல ஓடிப்போய் முகத்தைப் பதித்துக்கொண்டார். நொயெமி எதிர்மூலைக்குப் போனாள்.

"ஹலோ, பொலோன்யா போலீஸ் பேசறோம்," என்றது சுவர். "தட்டுல சோறு மிச்சம் வச்ச குற்றவாளி அங்க இருக்காளா?"

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முகத்தைப் பார்க்காமல் சொல்ல இதைவிட்டால் வேறு இடம் ஏது?

"அப்பா... நாளைக்குப் பட்டம் இல்லப்பா. பரீட்சை முடிக்கல. பொய் சொல்லிட்டேன்."

திரும்பிப் பார்க்கத் தைரியமில்லாமல் சுவரிலேயே காதை வைத்துக்கொண்டாள்.

"எத்தனை பேப்பர்?"

"ரெண்டு."

"அவ்வளவுதானா!"

அவள் திரும்பியபோது, அவர் அம்மாவுக்குப் போன் போட்டுக் காதில் வைத்தபடி வந்துகொண்டிருந்தார். "அசுந்தா, பஸ்ஸை நிறுத்து. நாளைக்கு இல்லையாம். புரொஃபசருக்கு முதுகு பிடிச்சுக்கிச்சாம். நான் என்ன பண்ண, நானா பிடிச்சு வச்சேன்? பாதாம் எங்கயும் ஓடிடாது, டப்பால போட்டு வை."

நொயெமி மூக்கைத் துடைத்துக்கொண்டு வாயைப் பிளந்தாள். "எப்படிப்பா இவ்வளவு சரளமா பொய் வருது?"

"பழக்கம்தான். ஆனா ஒண்ணு, அந்த ரெண்டையும் எழுதி முடிச்சுடு. முடிச்ச கையோட அம்மாகிட்ட உண்மையைச் சொல்லிடு. தள்ளிப்போட்டா அப்புறம் வாயே வராது, கண்ணு."

அவளுக்கு அப்பாவைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது. கட்டிக்கொண்டாள். உடனே பசியும் எடுத்தது.

"நல்லவேளை, சதுக்கத்துக்கு அந்தப் பக்கம் ஐஸ்கிரீம் கடை இருக்கு, வா," என்றார்.

சதுக்கத்தின் நடுவே தரை மேடைபோல் கொஞ்சம் உயர்ந்திருக்கும். படிப்பை முடிக்காத எவரும் அதைக் குறுக்கே கடப்பதில்லை. கடந்தால் இந்த ஜென்மத்தில் பட்டம் கிடைக்காது என்று பொலோன்யா மாணவர்களுக்கெல்லாம் பயம். நொயெமி ஓரமாகச் சுற்றிப் போகத் திரும்பினாள்.

"இந்த வெயில்ல நீங்க எதுக்குச் சுத்தணும்? நேரா குறுக்கே போங்கப்பா. உங்களுக்கென்ன, தொத்தோரே!"

ஒரோன்ஸோ மேடைமேல் வைக்கத் தூக்கிய காலை அப்படியே இறக்கிவிட்டு, அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு மகளோடு ஓரமாக நடக்க ஆரம்பித்தார்.

"எதுக்கு வம்பு," என்றார் மெல்ல. "எனக்கு இன்னும் மூணு பேப்பர் பாக்கி இருக்கு."