ஒன்பதாம் நாள் விதை

முப்பது டம்ளர்களில் என்னுடையதில் மட்டும் ஒன்பது நாளாகியும் அவரை விதை முளைக்கவில்லை.

சாரதாமணி டீச்சர் அதைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். ஈரத் தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே விதை கறுத்துப் போயிருந்தது.

போன வருஷம்வரை சேலத்தின் இந்த ஆசிரியைப் பயிற்சிப் பள்ளியில் விதை என்பது கரும்பலகைப் படம்தான். அதைப் பார்த்து வரைந்தால் போதும், பாஸ். இவர் வந்த பிறகுதான், கண்ணால் பார்க்காததைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரக் கூடாது என்று ஆளுக்கொரு டம்ளர் வந்தது.

"இவ விடியறதுக்குள்ள எந்திரிச்சு, விதையை வெளிய எடுத்து உள்ளங்கையில வெச்சுக்கறா டீச்சர்," என்றாள் பக்கத்துக் கட்டில் சௌந்திரம். "தாலாட்டு ஒண்ணுதான் பாடலை."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"எடுத்து எடுத்துப் பார்த்தா எப்படி வேர் விடும், கண்ணாத்தா? தொடாம பார்க்கப் பழகு."

தலையாட்டினேன். இந்த இடம் போனால் எனக்குப் போக வேறு இடமில்லை.

அப்போதுதான் காவல்காரர் வந்து, என் ஊர் எருமப்பட்டியிலிருந்து ஆள் வந்திருப்பதாகச் சொன்னார்.

மாதத்தில் ஒரு ஞாயிறுதான் பார்க்க விடுவார்கள். இங்கே சேர்ந்ததிலிருந்து இருபத்து மூன்று நாளாக இந்த ஞாயிறுக்குக் காத்திருந்தேன். அம்மா வருவாள். தம்பியைத் தூக்கிக்கொண்டு வருவாள்.

ஓடவில்லை. நடந்துதான் போனேன்.

அம்மாவின் இடுப்பில் அவன் இருந்தான். கன்னம் வற்றியிருந்தது. உச்சியில் எண்ணெய் வழிந்திருந்தது. என்னைக் கண்டதும் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு எம்பினான்.

அம்மா அவனை இறுக்கிப் பிடித்தாள்.

டீச்சர் என் பின்னாலேயே வந்திருந்தார். "உன் தம்பியா? அக்காவை எப்படித் தெரிஞ்சு வெச்சிருக்கான் பாரு. எடுத்துக்கோயேன்."

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"வேண்டாங்க டீச்சர். கையெல்லாம் ஈரமுங்க."

கைகள் காய்ந்துதான் இருந்தன. முந்தானைக்குள்தான் நனைந்திருந்தது.

இங்கே சேரும்போது கொடுத்த தாளில், கணவர் இறந்த தேதிக்குக் கீழே ஒரு கேள்வி இருந்தது. கைக்குழந்தை உண்டா? இருந்தால் இடம் கிடையாது.

இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

அவன் இன்னும் எம்பிக்கொண்டிருந்தான். எடுத்தால், அவன் முகம் என்னிடம் எதைத் தேடிப் போகும் என்று எனக்குத் தெரியும்.